லோடு இல்லாத வண்டிக்கு நாலு ஷாக்

1. ரம்ஜானுக்குள்

“ஒண்ணு, அவரு உக்காந்து போற மாதிரி இந்த வண்டியப் பண்ணிக் குடுங்க. இல்லேன்னா வித்துக் குடுங்க. எதுவானாலும் ரம்ஜான் பொறக்கறதுக்குள்ள முடிஞ்சாவணும்.”

ஷமீம் பாபி இதைச் சொல்லிச் சாவியை என் மேஜையில் வைத்தபோது என் வாயில் முழு போண்டா ஒன்று இருந்தது. எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் ஜோக் அடிப்பேன். பயம் ஜாஸ்தியானால் மோசமான ஜோக் அடிப்பேன். போண்டாவை அப்படியே விழுங்கிவிட்டு, “மூணாவதா ஒரு வழி இருக்குது பாபி. பாயை வித்துட்டு வண்டிய வச்சுக்கலாம்” என்றேன்.

பாபி சிரிக்கவில்லை. அவரைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர்தான் சிரித்தார். பாபி திரும்பிப் பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் எனக்கு ஒரு பட்டறை. சஸ்பென்ஷன் வேலை மட்டும்தான். ஷாக், சக்கரத்துக்கு மேலே வளைந்து பாரம் தாங்கும் இரும்புப் பட்டை, புஷ், அவ்வளவே. இஞ்சினைத் தொட மாட்டேன். தொட்டால் அது பயப்படுகிறதோ இல்லையோ, நான் பயப்படுவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் ஷாக் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அடிக்கடி போனில் கேட்கிறார்கள். போனில் நான் சொல்லுவது அவர்களுக்குப் புரிவதில்லை. அதனால்தான் பாபி சாவி வைத்த கதையை எழுதுகிறேன். கதையோடு சேர்ந்து தொழிலும் வந்துவிடும்.

பாபியின் கணவர் இக்பால் பாய். பேரணாம்பட்டில் பச்சைத்தோல் வியாபாரம். ஊர் ஊராகப் போய் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புப் போட்டு அடுக்கிக் கொண்டுவந்து டேனரிகளுக்குக் கொடுப்பார். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கும் கிராமங்கள்தான் அவருக்கு ஆதி நாளிலிருந்து வாடிக்கை. அதில் ஒரு கிராமத்துக்குப் போகும் வழியில் தார் ரோடு முடிந்ததும் பாறைத் தடம் வரும். வண்டியின் அடிவயிறு தட்டும். அதற்காகவே தன் ஃபோர் வீல் பிக்கப்பை பெங்களூரில் ஒரு கடையில் கொடுத்து உயர்த்திக்கொண்டு வந்தார். உள்ளே ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் தொட்டி. உயர்த்திய பிறகு அதில் ஏறுவதற்கு அவர் உயரத்துக்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. வாங்கிக்கொள்ளவில்லை. வீம்பு.

பிறகு முதுகில் டிஸ்க் நகர்ந்தது. வேலூரில் ஆபரேஷன். “நடங்க, உக்காருங்க, தொழுங்க. ஆனா குலுங்கக் கூடாது” என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். வண்டிக்கு ஒரு டிரைவரைப் போட்டு ஊருக்குள்ளேயே தோல் ஓட்டினார்கள். பாய் வீட்டில்.

“வீட்ல இருக்கறாருன்னு பேரு” என்றார் பாபி. “சாயங்காலம் டிரைவர் வண்டிய வுட்டுட்டுப் போனதும், போய் அதுல ஏறி உக்காந்துக்கறாரு. இஞ்சின் போடறதில்ல. எதிர்ல இன்னா இருக்குது? எங்கூட்டு பாத்ரூம் செவுரு. அதையே பாத்துக்கினு மஃரிப் தொழுகை வரைக்கும் உக்காந்திருக்காரு. டீய அங்கதான் கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

“பாவம் பாபி.”

“பாவம்தான். போன மாசம் எங்கிட்ட சொல்லாம எடுத்துக்கினு போய்ட்டாரு. ஆலங்காயம் கூடத் தாண்டல. ரெண்டு பேரு கைத்தாங்கலா கொண்டாந்து வுட்டாங்க. கட்டில்ல பொரளக்கூட முடியல. இது வாசல்ல நிக்கற வரைக்கும் அவரு மறுபடியும் போவாரு, தம்பி. எனக்குத் தெரியும். அதான் சொல்றேன். பண்ணுங்க, இல்ல வித்துடுங்க.”

மலையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பாறைத் தடத்தின் முடிவில் காளி என்று ஒருவர் இருக்கிறாராம். பாய்க்கு அங்கே தோல் சேர்த்து வைப்பவர். இருவரும் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து பழக்கம். மாதம் இரண்டு முறை போய் ஒரு பகல் முழுக்கப் பேசிவிட்டு வருவார். மலையில் டவர் இல்லை. போனில் பிடிக்க முடியாது. பஸ் தார் ரோடு வரைக்கும்தான், அதுவும் இந்தப் பிக்கப்பைவிட மோசமாகக் குலுக்கும்.

“அவரையே கீழ வரச் சொல்லலாமே பாபி?”

“வந்தாரே. ஆபரேஷன் முடிஞ்சு வந்தாரு. ரெண்டு பேரும் பிளாஸ்டிக் சேர்ல எதிர் எதிரா உக்காந்தாங்க. சாப்டியா, சாப்டேன். மழையா, மழைதான். அதோட முடிஞ்சிது பேச்சு. அவரு கெளம்பிப் போய்ட்டாரு. மேல போனாத்தான் ரெண்டும் பேசுது.”

நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அந்த அளவுக்குப் பயந்துபோயிருந்தேன்.

2. பேக்டரி கேட் வேகத்தடை

எந்த வண்டி வந்தாலும் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓனரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். வண்டி எங்கே அடிக்கிறது என்பதை ஓனர் முகத்தில் பார்க்கலாம். இது நல்ல முறை. முதுகில் ஆபரேஷன் ஆன ஓனருக்கு இது பொருந்தாது என்பது பேரணாம்பட்டுக்குப் போய் பாயை வண்டியில் ஏற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

மெதுவாகத்தான் போனேன். ஒரு ஷூ பேக்டரி கேட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை. ஷிஃப்ட் விட்டு வரும் பெண்கள் ரோட்டைக் கடப்பதற்காகப் போட்டது. முன் சக்கரம் பூப்போல ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியபோது ‘டங்’ என்று இரும்பும் இரும்பும் மோதும் சத்தம். பாய், “யா அல்லா!” என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

ஐயோ, ஆளை முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். வண்டியை நடு ரோட்டில் நிறுத்திக் குதித்தேன். உயர்த்திய வண்டி என்பது மறந்துபோனது. தரை எதிர்பார்த்த இடத்தில் இல்லை. முட்டியில் விழுந்தேன். எழுந்து ஓடிப்போய் அவருக்காகத் திறந்தது பின்கதவு. உள்ளே காலி சீட். பாயைக் காணோம்! பாய் விழுந்துவிட்டார் என்று வண்டிக்கு அடியில் குனிந்து தேடினேன். ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

“அண்ணா, இன்னா தேடற?” என்றாள் ஒருத்தி.

“பாய்ம்மா... பாயைக் காணோம்...”

“முன்னால உக்காந்திருக்காரே, யாரு அது?”

பாய் முன் சீட்டில் இருந்தபடியே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். “சேகரு. நாக்கக் கடிச்சுக்கினேன். வேற ஒண்ணுமில்ல. ஏறு, மானம் போவுது.”

ஏறினேன். அந்தப் பெண்களின் சிரிப்புச் சத்தம் ஓய்வதற்கு அடுத்த ஸ்டாப் வரைக்கும் போக வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். ஆக்ஸில் மேலே வந்து சேஸிஸில் மோதாமல் தடுக்க ஒரு ரப்பர் கட்டை உண்டு; அந்த ‘டங்’ அதன் சத்தம் இல்லை. ரப்பர் கட்டை மோதினால் ‘தொப்’ என்று கேட்கும்.

3. அடியில் படுத்தால் தெரிவது

தொழிலுக்கான விஷயம் இனிமேல்தான். தம்பிகள் கவனியுங்கள்.

பட்டறையில் வண்டியை நிறுத்தி அடியில் படுத்தேன். பின்னால் இடது ஷாக் செத்துப்போயிருந்தது. ராடு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி துரு. அது மேலும் கீழும் போய் வரும்போது சீலை அறுத்து, எண்ணெய் எல்லாம் வெளியே. வலது ஷாக் புதுசு மாதிரி இருந்தது. ஒரே நாளில் மாட்டிய ஜோடியில் ஒன்று மட்டும் ஏன் இப்படி?

தோல் வண்டியாக இருந்ததால் பதில் மேலேயே இருந்தது. தொட்டியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு ஓட்டை, நேராக இடது ஷாக்கின் தலைக்கு மேல். உப்புத்தோல் ஏற்றும் வண்டியைச் சும்மா விட்டால் நாறும். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மாவுக்கு முன்னால் பாய் வீட்டில் ஹோஸ் போட்டுத் தொட்டியைப் பளிச்சென்று கழுவுவார்கள். அத்தனை உப்பும் கரைந்து அந்த ஓட்டை வழியே ஷாக்கின் மேல் இறங்கியிருக்கிறது. வண்டியைக் குப்பையாக வைத்திருந்தால் ஷாக் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும். சுத்தமாக வைத்துக் கொன்றிருக்கிறார்கள்.

அடுத்தது அந்த ‘டங்’. ரப்பர் கட்டையைப் பார்த்தேன். ஒரு தழும்பு கிடையாது. ஆக்ஸில் அதைத் தொட்டதே இல்லை. அதற்குப் பதிலாக வலது ஷாக்கின் மேல் கண்ணில், அதாவது போல்ட் மாட்டும் வளையத்தில், இருந்த ரப்பர் புஷ் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. உயர்த்தின வண்டி என்பதால் பெங்களூரில் நல்ல நீளமான ஷாக்காகப் பார்த்து மாட்டிவிட்டார்கள். விரியும்போது அது சரி. ஆனால் நீளமான ஷாக் மடங்கும்போதும் நீளமாகத்தான் இருக்கும். சக்கரம் மேலே ஏறும்போது ரப்பர் கட்டைக்கு இன்னும் தூரம் இருக்க, ஷாக் தன் கடைசிக்கு வந்து இரும்போடு இரும்பாக முட்டிக்கொள்ளும். அந்த அடி சேஸிஸ் வழியாக, சீட் வழியாக, நேராகப் பாயின் முதுகுக்கு.

நிறையப் பேர் நினைப்பது போல ஷாக் வண்டியை உயர்த்தாது. உயரம் பட்டையிலும் ஸ்பிரிங்கிலும் இருக்கிறது. ஷாக்கின் வேலை ஆட்டத்தை நிறுத்துவது மட்டும்தான். அதனால் எத்தனை இஞ்ச் உயர்த்தியது என்று கேட்டு, அதற்கேற்ற ஷாக் வாங்காதீர்கள். ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலை முழுக்கத் தொங்கவிட்டு, ஷாக்கின் இரண்டு கண்ணும் மாட்டும் இடங்களுக்கு நடுவில் அளவெடுங்கள். பிறகு ஒரு சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்து ரப்பர் கட்டை நசுங்கும் வரை ஏற்றி, மறுபடி அளவெடுங்கள். விரிந்த ஷாக் முதல் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக, மடங்கிய ஷாக் இரண்டாவது அளவைவிடக் கொஞ்சம் சின்னதாக. அதுதான் அந்த வண்டியின் ஷாக்.

இவ்வளவும் கண்டுபிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சரியான நீளத்தில் நல்ல மெதுவான ஷாக் நாலு, வேலை முடிந்தது என்று சந்தோஷமாக எழுந்தேன். எழுந்த வேகத்தில் தலை பட்டையில் இடித்தது. இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே அந்தப் பட்டையைப் பார்த்தேன். சந்தோஷம் அதோடு போச்சு.

பின்பட்டைக் கட்டின் அடியில் கனமான ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தது. உயரத்துக்கும் ஆச்சு, தோல் பாரம் தாங்குவதற்கும் ஆச்சு என்று. ஈர உப்புத்தோல் லேசுப்பட்ட லோடு இல்லை. முழு லோடு இருக்கும்போது அந்தப் பட்டை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். காலியாக ஓட்டினால் அது கட்டை. அதன் மேல் எந்த ஷாக்கை மாட்டினாலும், தங்கத்தில் செய்து மாட்டினாலும், மெத்தென்று போகாது. பட்டையின் முரட்டுத்தனத்தை ஷாக் குறைக்கவே முடியாது.

4. வண்டி எதுக்கு?

பாயையும் பாபியையும் பட்டறைக்கு வரச் சொன்னேன். ஆட்டோவில் மெதுவாக வந்தார்கள். பாய் பெஞ்சில் உட்காராமல் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“பாய், ஷாக்கு எந்த ஷாக்குன்னு அப்பறம் பாத்துக்கலாம். வண்டி எதுக்கு, அத சொல்லுங்க.”

“எதுக்குன்னா? மேல போவறதுக்கு.”

“மேல போவறதுக்குன்னா அந்தக் கனப் பட்டைய எடுத்துடணும். மீதிப் பட்டைங்கள வேலூர்ல குடுத்து வளைச்சு வாங்கினா உயரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், பாறை தட்டாது. ஆனா தோல் ஏத்த முடியாது. ஏத்தினா உக்காந்துடும். தோல் ஏத்தணும்னா பட்டைய வுட்டு வைக்கிறேன், அதுக்கு ஒரு ஷாக்கு இருக்குது. ஆனா நீங்க ஏற முடியாது. ரெண்டுல ஒண்ணு பாய்.”

“ரெண்டும் ஆவற மாதிரி ஒரு ஷாக்கு கெடையாதா?”

“அப்படி ஒண்ணு இருந்தா நான் ஏன் இந்த வெயில்ல தகரக் கொட்டாயில கெடக்கறேன்?”

பாபி உடனே, “தோல் வாணாம். அத தங்கச்சி மவன் வேற வண்டியில ஓட்டிக்குவான்” என்றார். அவருக்குக் கணக்கு முடிந்துவிட்டது. பாய் மட்டும் பானெட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“லோடு எடுக்காம மேல போய் நான் இன்னா பண்றது, சேகரு? அந்த ஊருக்கே நான் தோல் பாய். கொழந்தைங்க கூட ‘தோல் பாய் வந்தாச்சு’ன்னு கத்திக்கினு ஓடியாரும். சும்மா போய் எறங்கினா, இன்னா விஷயம்னு கேப்பான் காளி. நான் இன்னா சொல்லட்டும்?”

“ஒன்னப் பாக்கத்தான் வந்தேன்னு சொல்லுங்க” என்றார் பாபி.

பாய்க்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. “ஆம்பளைக்கு ஆம்பளை அப்பிடியெல்லாம் சொல்லுவாங்களா? பேஜாரா பூடும்.”

நான் சிரித்திருக்க வேண்டும். நல்ல சந்தர்ப்பம். ஆனால் எனக்கும் இப்படி ஒருத்தன் ஜோலார்பேட்டையில் இருக்கிறான். ரயில்வேயில் வேலை. அவனுடைய ஸ்கூட்டரில் ஷாக் போனால்தான் நாங்கள் சந்திக்கிறோம். அந்த ஸ்கூட்டரும் நல்ல ஸ்கூட்டராகப் போய்விட்டது.

பைபாஸில் ஒரு டேங்கர் லாரி போனது. பிறகு பாய் பானெட்டை விட்டுக் கையை எடுத்தார்.

“பட்டைய எடுத்துடு” என்றார்.

5. மஞ்சளா சிவப்பா

வேலூரில் ஸ்பேர்ஸ் கடைக் கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்ததும், “லிஃப்ட் பண்ண வண்டியா? மஞ்சள் இருக்குது, செகப்பு இருக்குது. மஞ்சள்தான் இப்ப ஓடுது” என்றார்.

“கலர் வாணாம்ணா. மடங்கின நீளம் எவ்ளோ, விரிஞ்ச நீளம் எவ்ளோ?”

“அதெல்லாம் யாரு கேக்கறாங்க?” என்றவர், பாவம், தேடி எடுத்துக் கொடுத்தார்.

கேஸ் அழுத்தம் ஜாஸ்தி உள்ள ஒற்றைக்குழாய் ஷாக், வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. சின்னக் கல்லில்கூட அது விறைத்துக்கொண்டு நிற்கும். பாய்க்கு அது ஆகாது. இரட்டைக்குழாய், எண்ணெய் நிறைய, கேஸ் கம்மி. கையால் அழுத்தினால் முனகாமல் இறங்கி, யோசித்து யோசித்து மேலே வர வேண்டும். ராடின் மேல் மூடி இருக்க வேண்டும். இப்படி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சாம்பல் நிறம். பார்ப்பதற்கு ஒரு அழகும் கிடையாது. கவுண்டர்காரர் பெட்டியில் போடும்போது, என்னமோ எனக்குத்தான் இழப்பு என்பது போலத் தலையாட்டினார்.

பட்டை வளைத்து வந்தது. மாட்டினேன். தொட்டி ஓட்டைக்கு ஒரு ரப்பர் குழாய் வைத்து, தண்ணீரை ஷாக்கைத் தாண்டி வெளியே விட்டேன். பேரணாம்பட்டுக்கு நானே ஓட்டிப் போய் விட்டேன். பாபி சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

“நாளைக்கு மேல போறோம். நீங்களும் வர்றீங்க.”

“நான் எதுக்கு பாபி?”

“அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் யார அடிக்கறது?”

6. மேலே

பாய் முன்னால், டிரைவர் பக்கத்தில். பாய் ஓட்டவில்லை, அவருடைய டிரைவர் ஓட்டினார். பாபியும் நானும் பின் சீட்டில். ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம். நான் வெளியே எதையும் பார்க்கவில்லை. பாயின் பின்கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கழுத்து விறைக்கிறதா என்று கவனித்தேன். என் கழுத்துதான் விறைத்தது. மலை ஏறத் தொடங்கியதும் எனக்கு வாந்தி வருவது போல இருந்தது. வண்டியின் சஸ்பென்ஷன் பற்றி அதைவிட மோசமான விளம்பரம் இருக்க முடியாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

தார் ரோடு முடிந்தது. பாறைத் தடம். டிரைவர் வண்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். “போலாமா?” நான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினேன். வண்டி ஏறியது. சாய்ந்தது. நிமிர்ந்தது. அடிவயிறு தட்டவில்லை. ‘டங்’ கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பாபி முன்னால் எட்டி பாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தூசி ஜாஸ்தி” என்றார். ஜன்னல் கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது.

கிராமத்தில் முதலில் குழந்தைகள்தான் பார்த்தார்கள். கத்திக்கொண்டு ஓடினார்கள். காளி வேலியோரத்திலிருந்து துண்டை உதறிக்கொண்டு வந்தார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை. வண்டியைப் பார்த்தார். பின்னால் நடந்துபோய்க் காலித் தொட்டியை எட்டிப் பார்த்தார். உப்பு மூட்டை இல்லை, தராசு இல்லை, தார்ப்பாய் இல்லை.

“இன்னா பாய், தோலெடுக்க வரலியா? இன்னா விஷயம்?”

பாய் என்னைப் பார்த்தார், பாபியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

“ஷாக்கு மாத்தினோம்” என்றார். “டெஸ்ட் பண்ணலாம்னு வந்தோம். இவன்தான் மெக்கானிக்கு.”

“டெஸ்ட் பண்ண ஆம்பூர்ல ரோடு இல்லியா?”

“இருக்குது. இவன் ஒத்துக்கல.”

காளி என்னைப் பார்த்தார். நான், “ஆமாங்க, நான்தான் ஒத்துக்கல” என்றேன். தொழில் வாழ்க்கையில் கஸ்டமருக்காகச் சொன்ன பொய்களில் இதற்கு மட்டும் நான் வெட்கப்படவில்லை.

காளி அதற்கு மேல் கேட்கவில்லை. பலாமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். பிறகு பாய் ஏதோ ஒரு ஆட்டைப் பற்றி என்னமோ சொன்னார். காளி இல்லையென்றார். பாய் அடித்துச் சொன்னார். குரல் ஏறியது. பாபி என்னிடம், “ஆரம்பிச்சாச்சு. இனிமே சாயங்காலம்தான்” என்று சொல்லிவிட்டு, காளியின் மனைவியோடு அடுப்படிக்குப் போய்விட்டார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டு, நான் வண்டி நிழலில் தூங்கிப்போனேன். பயம் இறங்கினால் எனக்கு அப்படித்தான், கட்டைபோலத் தூக்கம் வரும்.

‘தொம்’ என்ற சத்தத்தில் விழித்தேன். தொட்டியில் ஒரு பலாப்பழம். பின்னாலேயே இன்னொன்று. காளியும் அவர் வீட்டு ஆட்களும் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். சாமை மூட்டை. புளி மூட்டை. மறுபடி பலா.

“ஐயையோ, ஏத்தாதீங்க! லோடு ஏத்தக் கூடாது! பட்டைய எடுத்தாச்சு!” என்று கத்திக்கொண்டு அடியில் பாய்ந்தேன். ரப்பர் கட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளங்கை போகிறது. மேலே இன்னொரு மூட்டை விழுந்தது. நாலு விரல் போகிறது. “போதுங்க! போதும்!”

“யாரு பாய் அது அடியில?” என்றது காளியின் குரல்.

“மெக்கானிக்கு.”

“ஏன் அழுவறாரு?”

“அவன் அப்பிடித்தான். நீ ஏத்து.”

“வண்டி உக்காந்துடும்ங்கறாரே?”

“உக்காரட்டும். நானும் உக்காந்துதான போறேன். ஏத்து காளி.”

இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போது காளியிடம் கொடுப்பதற்கு ஏதும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன். நிறுத்தினார். நான் வெளியே வந்தேன், தலை முழுக்க மண். கிளம்பும்போது காளி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாட்டி எப்ப டெஸ்டு?” என்று கேட்டார்.

“இவனத்தான் கேக்கணும்” என்று என்னைக் காட்டினார் பாய்.

“மாசா மாசம் பண்ணணும்ங்க” என்றேன். “கம்பெனி ரூல்.”

இறங்கும்போது வண்டி ஏறியதைவிட மெத்தென்று போனது. காரணம் சுலபம். பட்டைக்குக் கொஞ்சம் பாரம் வேண்டும், அப்போதுதான் வளைந்து கொடுக்கும். ஷாக்குகள் அந்த ஆட்டத்தை அழகாக அடக்கின. பாய் ஆலங்காயம் வருவதற்குள் தூங்கிவிட்டார். பாபி பின்னாலிருந்து துப்பட்டாவை மடித்து அவர் கழுத்துக்கு வைத்தார். வண்டி முழுக்கப் பலாப்பழ வாசனை.

7. தம்பிகளுக்கு

நான் கற்றுக்கொண்டது இது. ஷாக் வாங்க வருகிறவரிடம் எத்தனை இஞ்ச் என்று ஆரம்பிக்காதீர்கள். எங்கே போகிறீர்கள், எதை ஏற்றிக்கொண்டு, யாரைப் பார்க்க என்று கேளுங்கள். போகும்போது மட்டும் அல்ல, திரும்பி வரும்போது வண்டியில் என்ன இருக்கும் என்றும் கேளுங்கள். அளவு டேப் அதற்குப் பிறகு.

இன்னொன்றும் உண்டு. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அரைகுறையாக வேலை செய்தால் கஸ்டமர் வாரா வாரம் வந்து சண்டை போடுவார், டீ குடிப்பார், குடும்பக் கதை சொல்லுவார். சரியாகச் செய்துவிட்டால் ஆளையே பார்க்க முடியாது. பாய் மாசா மாசம் போய் வருகிறார் என்று டிரைவர் மூலம் கேள்விப்பட்டேன். என்னைக் கூப்பிடுவதில்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்? வண்டிதான் நன்றாக இருக்கிறதே. அவர்கள் போகும் நாட்களில் என் பட்டறையைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்த உயர்ந்த பிக்கப் ஹாரன் அடித்துவிட்டுப் போகும். நான் ஸ்பானரோடு கை தூக்குவேன். அதற்குள் மேம்பாலம் ஏறியிருக்கும்.

அந்த மலையையும், பலாமரத்தடியில் அவர்கள் போட்ட சண்டையையும், என்னைத் திட்டுவதற்கென்றே பாபி கூட்டிப்போன அந்த ஒரு நாளையும் நினைத்துக்கொண்டு சில சமயம் ஒரு கெட்ட ஆசை வரும். நாலில் ஒரு ஷாக்கிலாவது சின்னதாக ஒரு கசிவு வரக் கூடாதா, ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். வராது. சீல் நல்ல சீல். நானே பார்த்துப் பார்த்து வாங்கியது.